கழுதைக்கு இன்னும் அஞ்சு காலு

மோந்தேசேரா, 9 மார்ச் 1998
மதிலோர மாதா துணை

கண்ணு மிரெல்லா,

அத்தை எர்சீலியா எழுதுறேன். இங்க நான், நாலு கோழி, எதிர்வீட்டு தெல்பீனா, அவளோட முழங்கால் வலி, எல்லாரும் மாதா புண்ணியத்துல ஓடிக்கிட்டு இருக்கோம். நீ எப்படி இருக்க? டூரின்ல இன்னும் பனியா? தொண்டைக்குத் துணி சுத்திக்கிறியா? சின்னதுலயே உனக்குத் தொண்டைதான் முதல்ல கட்டும். அந்த ரூஜேரோவும் நல்லா இருக்கட்டும்.

கிறிஸ்மஸுக்கு ஒரு அட்டை, ஈஸ்டருக்கு ஒரு அட்டைன்னு ஏழு வருஷமா அச்சடிச்ச வாசகத்துக்குக் கீழ கையெழுத்து மட்டும் போட்டுக்கிட்டு இருந்துட்டு, இப்ப அத்தை பக்கம் பக்கமா எழுதுறாளேன்னு நினைப்ப. விசேஷம் ஒண்ணும் இல்ல. சொல்றதுக்கு நெறைய சேந்துபோச்சு, கேக்கத்தான் ஆளில்ல. மதிலுக்குள்ள இப்ப நாங்க பதினோரு பேருதான் குடியிருக்கோம். மத்த வீடெல்லாம் சுற்றுலாக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டாச்சு. வெள்ளிக்கிழமை பொட்டியோட வர்றாங்க, ஞாயித்துக்கிழமை பொட்டியோட போறாங்க. நான் காலையில வணக்கம் சொன்ன முகம் சாயந்தரம் இருக்காது.

மதில் மேல நடக்குறதுக்கு நகராட்சி பாதை போட்டிருக்கு. பழைய வாசல்ல ஏறினா ஊரை ஒரு சுத்து சுத்தி அங்கயே இறங்கலாம். நல்லதுதான். ஆனா நம்ம அடுக்களை சன்னலுக்கு நேரா, கை நீட்டினா தொடுற தூரத்துல போகுது. போன ஞாயித்துக்கிழமை நான் அவரைக்கொட்டை உரிச்சிட்டு இருக்கேன், மஞ்சக் குடை பிடிச்ச ஒரு வழிகாட்டிப் பொண்ணு முப்பது பேரை நிறுத்தி வச்சு, நம்ம சுவத்துல இருக்குற ஓட்டையக் காட்டி, "இது வழியாத்தான் எதிரிங்க தலையில காய்ச்சின எண்ணெய ஊத்துனாங்க"ன்னு சொல்லுது. அது பாத்திரம் கழுவுன தண்ணி போக உங்க அப்பன் இடிச்ச ஓட்டை. நான் தலைய நீட்டி, "ஏம்மா, நேத்துகூட பாஸ்தா வேகவச்ச தண்ணிய அது வழியாத்தான் ஊத்தினேன், எதிரி ஒருத்தனும் சாகலியே"ன்னேன். அத்தனை பேரும் என்னைப் படம் பிடிச்சாங்க. தெல்பீனா கேட்டுட்டு, "அடுத்த வருஷம் உன்னைக் கண்ணாடிப் பொட்டியில உக்காத்தி டிக்கெட்டு போட்டுருவாங்கடி, அவரையோட சேத்து"ங்குறா.

கோயில் சாவி இன்னும் என்கிட்டதான். 'சாவிக்கு 14ஆம் எண் வீட்டு மணியை அடிக்கவும்'னு கோயில் கதவுல எழுதி ஒட்டியிருக்கு, நாள் பூரா அடிக்கிறாங்க. மாதாவும் சூசையப்பரும் எகிப்துக்கு ஓடுற படத்தைப் பாத்துட்டு ஆகா ஓகோன்னு நோட்டுல எழுதி வச்சுட்டுப் போறாங்க. ஒருத்தராவது கழுதையோட காலை எண்ணணுமே. அஞ்சு இருக்குன்னு இதுவரைக்கும் ஒரு வெளியாளுக்கும் தெரியல, நானும் சொல்லல. உங்க அப்பன் உன்னைத் தோள்ல தூக்கி வச்சு எண்ணச் சொல்லி, "இது மதிலுக்குள்ள பொறந்தவங்க ரகசியம்"னு சத்தியம் வாங்குனானே, ஞாபகம் இருக்கா?

கேக்கணும்னு இருந்தது இதான். மே பதினேழு மாதா திருநாள். உன்னால வர முடியுமா?

ஜெபமாலையில உன் பேரை விடாம சேக்குற
அத்தை எர்சீலியா

---

டூரின், 24 மார்ச் 1998

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். ரூஜேரோவும் நலம், உங்களை விசாரித்தார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தெல்பீனா அம்மாவுக்கு என் வணக்கம்.

தொழிற்சாலை உணவுக்கூடத்தில்தான் இன்னும் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு தட்டு. பனி விட்டுவிட்டது.

கழுதையை மறக்கவில்லை. எதையும் மறக்கவில்லை. அம்மா இல்லாத பிள்ளையை, அப்பா உயிரோடு இருந்தவரை அவரும் நீங்களுமாக வளர்த்தீர்கள். ஆனால் நான் பெட்டியோடு கிளம்பிய அன்று வாசற்படியில் நின்று நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் காதில் இருக்கிறது. "பொண்டாட்டி உசிரோட இருக்குற ஆளு கூடப் போறவளுக்கு இந்தக் கதவுல சாவி கிடையாது." வீட்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு வரத்தான் பகலில் சாவியை வெளிப்பூட்டிலேயே விட்டுவைக்கும் நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பிறகு எந்த முகத்தோடு வருவது? நீங்களே சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிரெல்லா

---

மோந்தேசேரா, 14 ஏப்ரல் 1998
உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டையும் எட்டிப் பாக்கட்டும்

கண்ணு மிரெல்லா,

ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டாம் நாள். நான் சௌக்கியம். கொஞ்சம் இளைச்சிருக்கேன்னு தெல்பீனா சொல்றா, தவக்காலத்துல ஒழுங்கா நோன்பு இருந்தா இளைக்கத்தான் செய்யும், அவளுக்கு எங்க தெரியப்போவுது. உன் தொண்டை எப்படி இருக்கு?

பாலாடைக்கட்டி ரொட்டி எப்பவும்போல ரெண்டு சுட்டேன். ஒண்ணைத் தெல்பீனாவுக்குக் குடுத்தேன். இன்னொண்ணு மூணு நாளா மேசையில இருக்கு. ஒரு ஆளுக்குச் சுடுற அச்சு எங்கயும் கிடைக்கிறதில்ல.

நீ எழுதுனதைப் படிச்சேன். பழசைக் கிளறினா ரெண்டு பேருக்கும் தும்மல்தான் வரும். ஒண்ணு மட்டும் சொல்றேன். கதவுல சாவி இருக்கு. பகல் பூரா வெளிப்பக்கம் பூட்டுல அப்படியே இருக்கு. தெருவுல மத்தவங்க எல்லாம் உள்ள எடுத்து வச்சுட்டாங்க. தெல்பீனா வீட்டுச் சாவிய ஒருத்தன் ஞாபகப் பொருள்னு பையில போட்டுட்டுப் போயிட்டான், உள்ளங்கை நீள இரும்புச் சாவி, அவ பாட்டன் காலத்துது. என்னையும் எடுக்கச் சொல்றா. நான் எடுக்கல.

அதுல ஒரு கூத்து. போன வாரம் நான் அடுக்களையில தலைவாரிக்கிட்டு இருக்கேன், ஒல்லாந்துக்காரப் புருஷன் பொண்டாட்டி கதவைத் தள்ளிட்டு நேரா உள்ள வந்துட்டாங்க. அருங்காட்சியகம்னு நினைச்சுட்டாங்க போல. அடுப்பைப் பாத்தாங்க, செம்புப் பானையப் பாத்தாங்க, கடைசியா என்னைப் பாத்தாங்க. அந்த அம்மா என் கன்னத்தைத் தொடலாமான்னு கை நீட்டுது. நான் "வணக்கம்"னு சொன்னதும் ரெண்டு பேரும் அலறி அடிச்சு ஓடிட்டாங்க. பாவம், நில்லுங்க, ரொட்டி இருக்குன்னு கத்தினேன், கேக்கல.

திருநாளுக்கு வா. தனியா வந்தாலும் சரி, கூட யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, அதுக்கு மேல நான் எழுத மாட்டேன். வாசல்ல இறங்கினதும் கதவைப் பாரு. சாவி இருந்தா தள்ளிட்டு உள்ள வா. மணி அடிக்காத. மணி வெளியாளுக்கு.

வீட்டை எல்லாம் ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருக்கேன். பீரோவுல துணிகளை மடிச்சு எது யாருக்குன்னு சீட்டு வச்சிருக்கேன். வசந்தகாலம்னா எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கும், தெரியும்ல.

உன் முகம் பாக்க ஆசைப்படுற
அத்தை எர்சீலியா

---

டூரின், 2 மே 1998

அன்புள்ள அத்தைக்கு,

நலம். ரூஜேரோவும் நலம், உங்களை விசாரித்தார்.

ஒல்லாந்துக்காரர்கள் கதையைப் படித்துவிட்டு வேலை இடத்தில் தனியாகச் சிரித்தேன். என்ன என்று கேட்டார்கள்.

திருநாளுக்கு விடுப்புத் தரமாட்டார்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். துணியில் எல்லாம் எதற்குச் சீட்டு? இளைத்ததாக எழுதியிருக்கிறீர்கள், மருத்துவரிடம் காட்டினீர்களா?

மிரெல்லா

---

மோந்தேசேரா, 19 மே 1998
மாதா பக்கத்துலயே இருக்கா

கண்ணு மிரெல்லா,

மை தீந்துபோச்சு, பென்சில்ல எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ. நான் நல்லா இருக்கேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும்னு ஒண்ணும் இல்ல.

திருநாள் ரொம்ப நல்லா நடந்துச்சு. மாதாவுக்கு நீலப் பட்டு சாத்தினாங்க. பேண்டு வாத்தியக்காரங்கள்ல எக்காளம் ஊதுறவனுக்குப் பல்லு கட்டினதால வழக்கம்போல ஒரு சுதி கீழதான் ஊதினான். சிஸ்தோ சாமியாருக்குக் காது சுத்தமா கேக்கல, பவனி முடிஞ்ச பிறகும் அவரு மட்டும் பாடிக்கிட்டே நடந்தாரு, யாரும் நிறுத்தல.

நான் காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் சன்னல்லயே உக்காந்து வர்ற போற ஒவ்வொரு முகமா பாத்தேன். கதவுல சாவி நாள் பூரா இருந்துச்சு. யார் யாரோ தள்ளிட்டு வந்தாங்க, எல்லாருக்கும் சோம்பு பிஸ்கட்டு குடுத்தேன், இனிப்பு ஒயின் குடுத்தேன். வீடு நெறைஞ்சு இருந்துச்சு. நீ ஒருத்திதான் இல்ல. வேலை இருந்தா என்ன செய்ய முடியும், வருத்தப்படாத.

கையி வலிக்குது, நிறுத்துறேன். ரூஜேரோவுக்கு என் விசாரிப்பு.

உன் அத்தை

---

டூரின், 12 ஜூன் 1998

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திருநாள் நன்றாக நடந்ததில் மகிழ்ச்சி.

கதவில் நாள் முழுக்கச் சாவி இருந்ததையும், சன்னலில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்ததையும், வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்ததையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். புரிந்துகொண்டேன். இனி எனக்கு எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

மிரெல்லா

---

மோந்தேசேரா, 30 ஜூன் 1998
மாதா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கட்டும்

கண்ணு மிரெல்லா,

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன். அஞ்சாங்கிளாஸோட நின்னவ நான், எனக்கு விளங்காம இருக்கலாம்னு தெல்பீனாகிட்டயும் குடுத்தேன். அவ மூக்குக்கண்ணாடிய ஏத்தி இறக்கிப் பாத்துட்டு, "இது லெட்டர் இல்ல, பூட்டு"ன்னா. நான் என்ன தப்பா எழுதிட்டேன்? பிஸ்கட்டு குடுத்ததுல கோபமா? உனக்குன்னு எடுத்து வைக்கலன்னா?

நான் சௌக்கியம். தினமும் காலையில மதில் மேல மெதுவா ஒரு சுத்து நடக்குறேன், நடக்கச் சொன்னாங்க. யாரு சொன்னாங்கன்னா, எல்லாருந்தான். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கூட்டம் இருக்காது. மேலேருந்து பாத்தா நம்ம வீடு இத்தனை சின்னதான்னு இருக்கு.

இன்னொண்ணு, சிரிக்காத. மத்தியானம் சாப்பிட உக்காந்தா மேல போறவங்க குனிஞ்சு பாக்குறாங்க. ஒரு அம்மா, நான் ஒத்தையா உக்காந்து திங்கிறதைப் பாத்துட்டு நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டா. அன்னையிலிருந்து மேசையில ரெண்டு தட்டு வைக்கிறேன். ரெண்டு கிளாசு, ரெண்டு முள்கரண்டி. பாக்குறவங்க, இன்னொரு ஆளு உள்ள போயிருக்கு, இப்ப வரும்னு நினைச்சுப்பாங்கல்ல. ரெண்டாவது தட்டையும் கழுவித்தான் வைக்கிறேன், தூசி படியுதே.

ரூஜேரோ எப்படி இருக்காரு? உன் லெட்டர்ல அவரு எப்பவும் ஒரே வார்த்தையில நல்லா இருக்காரு. ஒரு மனுஷனுக்கு ஒரு ஜலதோஷம்கூட வராதா?

ரெண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

அத்தை எர்சீலியா

---

மோந்தேசேரா, 8 ஆகஸ்ட் 1998
என் வாயும் கையும் இனி பொய் சொல்லாதபடி மாதா காக்கட்டும்

மிரெல்லா, என் கண்ணு,

ஆறு வாரமா உன்கிட்டேருந்து லெட்டர் இல்ல. இதை எழுதினாலும் நீ பிரிக்காம போடலாம். இருந்தாலும் எழுதுறேன்.

அஞ்சாம் தேதிதான் நான் திரும்பக் கோயில் வேலைக்குப் போனேன். அதுவரைக்கும் மே மாசத்திலேருந்து தெல்பீனாதான் திறந்து விட்டா. அவ சூசையப்பரை ஏரோது ராஜான்னு சொல்லி ஊரையே குழப்பி வச்சிருக்கா, அது வேற கதை. உக்காந்து நோட்டைப் புரட்டுறேன். அழகு, அருமை, கழிவறை எங்கேன்னு ஒருத்தன். மே பதினேழாம் தேதி பக்கத்துல, நடுவுல, பேரு இல்லாம ஒரு வரி.

'கழுதைக்கு இன்னும் அஞ்சு காலு.'

நோட்டை வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். அதுல கடைசி எழுத்தோட வாலைக் கீழ இழுத்து மேல சுழிக்கிறது உங்க அப்பன் எழுதுற மாதிரி. மதிலுக்குள்ள பொறந்த எவளும் இதை நோட்டுல எழுத மாட்டா, சத்தியம் பண்ணிக் குடுத்தவங்க நாம. எனக்குத் தெரியணும்னு நினைச்சவ ஒருத்தியத் தவிர.

நீ வந்திருக்க. திருநாள் அன்னைக்கு வந்திருக்க. கதவுல சாவி இருந்திருக்காது.

நான் இங்க இல்ல கண்ணு. பெரூஜியா ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன். வயித்துல கட்டி. பிப்ரவரியிலயே சொல்லிட்டாங்க. திருநாள் முடிஞ்சு வரேன்னு சொல்லி வச்சிருந்தேன், அதுக்குள்ள பதிமூணாம் தேதி, படுக்கை காலியாயிருக்கு இன்னைக்கே வாங்கன்னு ஆள் அனுப்பிட்டாங்க. தெல்பீனா வீட்டைப் பூட்டி சாவிய அவ மாவு டப்பாவுல போட்டுட்டா. பத்தொம்பதாம் தேதி லெட்டரு ஆஸ்பத்திரி கட்டில்ல எழுதுனது. திருநாள்னு எழுதுனது பூரா போன வருஷத் திருநாள். சன்னலும் பொய், பிஸ்கட்டும் பொய். போன வருஷம் மட்டும் வீடு நெறைஞ்சா இருந்துச்சு? அதுவும் பொய். தெல்பீனா வந்தா, ரெண்டு பிஸ்கட்டு தின்னா, போயிட்டா. கட்டிலைச் சுத்தி மத்தவங்களுக்கெல்லாம் ஆளுங்க வந்து உக்காந்திருந்தாங்க, எனக்கும் ஒரு நெறைஞ்ச வீடு வேணும்போல இருந்துச்சு, எழுதிட்டேன்.

ஏன் சொல்லலன்னா, அத்தை சாகக் கெடக்கான்னு பாவப்பட்டு நீ வரக்கூடாது. உனக்கா வரணும்னு தோணி வரணும். அந்தத் திமிருதான். ஏழு வருஷத்துக்கு முன்னாடி படியில நின்னு பேசுனதும் அதே திமிருதான். நீ போன மறுநாள் காலையிலேயே சாவிய வெளிய மாட்டிட்டேன், ஆனா மாட்டிட்டேன்னு உனக்கு எழுதலியே. யாரைத் தடுக்கவும் அது என் கதவு மட்டும் இல்ல, உங்க அப்பன் பொறந்த கதவு.

பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடலாம்னு போனேன். சிஸ்தோ சாமியாருக்குத்தான் காது கேக்காதே. "பொய் சொன்னேன் சாமி"ன்னேன். "என்னது, நெய்யா?"ன்னாரு. "பொய்யி சாமி, பொய்யி"ன்னு கத்தினேன். மஞ்சக் குடைக்காரி ஒரு கூட்டத்தோட நிக்கிறா, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. "யாருகிட்ட சொன்ன?"ன்னு அவரும் கத்துறாரு. "என் அண்ணன் மககிட்ட"ன்னேன். "அப்ப என்கிட்ட எதுக்கு வந்த, அவகிட்ட போய்ச் சொல்லு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அதான் எழுதுறேன்.

கட்டிய முழுசா எடுத்துட்டோம்னு சொல்றாங்க. அக்டோபர்ல திரும்பப் பாக்கணுமாம்.

மன்னிச்சுக்கோன்னு கேக்குற
அத்தை

---

டூரின், 25 ஆகஸ்ட் 1998

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மே மாதத்து உறையைத் தேடி எடுத்தேன். கிழித்துப்போடாமல்தான் வைத்திருந்தேன். முத்திரையில் பெரூஜியா என்று தெளிவாக இருக்கிறது. அன்று நான் உறையைப் பார்க்கவே இல்லை.

நான் வந்ததைச் சொல்கிறேன். தொழிற்சாலை மன்றத்தில் 'மதில் சூழ்ந்த பழைய ஊர்கள், இரண்டு நாள்' என்று சுற்றுலா போட்டார்கள். பட்டியலில் மோந்தேசேராவும், தேதி மே பதினேழும் இருந்தன. பெயரைக் கொடுத்தேன். சாவி இருந்தால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உங்களைத் திகைக்க வைக்கலாம் என்றுதான் உங்களுக்குச் சொல்லவில்லை. இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமல் பேருந்திலேயே திரும்பிவிடலாம்.

எனக்கும் ஒரு தொப்பி, கழுத்தில் ஒரு அட்டை. மஞ்சள் குடைக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியாக நம் தெருவில் நடந்தேன். ஊர்க்காரர்கள் எல்லாம் அப்போது பவனியோடு கீழ் வாசலுக்குப் போயிருந்தார்கள், தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. முதலில் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள். ஒரு மாதிரிதான் இருந்தது, நம் மாதாவை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடிக்கச் சொன்னது. நோட்டில் அந்த வரியை எழுதினேன். சாயங்காலம் இருவருமாகப் படித்துச் சிரிக்கலாம் என்று நினைத்து எழுதியது அது.

பிறகு நம் வீட்டு முன்னால் குடை நின்றது. பூட்டின் துளை வெறுமையாக இருந்தது. அந்தப் பெண், "இது மதில் காவலாளியின் வீடு, இப்போது இங்கே யாரும் வசிப்பதில்லை" என்றாள். எல்லாரும் படம் எடுத்தார்கள். கூட வேலை செய்யும் ஒருத்தி, "மிரெல்லா, நீ கதவுகிட்ட நில்லு, நல்லா இருக்கும்" என்றாள். நின்றேன். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. என் வீட்டு வாசலில் தொப்பி போட்டுக்கொண்டு சுற்றுலாக்காரியாக நிற்கிறேன்.

அவர்கள் நகர்ந்த பிறகு வெளியாள் மாதிரி மணியையும் அடித்தேன். மூன்று முறை. பத்து நாள் கழித்து, நாள் முழுக்கச் சன்னலில் உட்கார்ந்திருந்தேன் என்ற உங்கள் கடிதம் வந்தது.

நானும் பொய் எழுதியிருக்கிறேன். ரூஜேரோ நலமா என்று எனக்குத் தெரியாது. அவர் தன் மனைவியிடமே திரும்பிப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் விசாரித்ததாக எழுதியதெல்லாம் நானே விசாரித்தது. நீங்கள் அன்று சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே என்று மறைத்தேன்.

வருகிறேன் என்று எழுத நினைக்கிறேன், கை ஓடவில்லை. தெருமுனையில் நின்று அந்தப் பூட்டைப் பார்க்க இன்னொரு முறை என்னால் முடியாது. சாவி இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் கால் நகராது. கோபம் இல்லை, அத்தை. பயம்தான்.

உடம்பில் காயம் ஆறிவிட்டதா? உண்மையை எழுதுங்கள்.

மிரெல்லா

---

மோந்தேசேரா, 12 செப்டம்பர் 1998
மரியாளின் திருநாமம் உன் வழிக்குத் துணை

என் கண்ணு,

காயம் ஆறிடுச்சு. மழை வந்தா இழுக்குது. மத்தபடி உண்மையாவே நல்லா இருக்கேன், தெல்பீனாவைக் கேளு, அவ பொய் சொன்னா காது சிவக்கும்.

நீ தனியா இருக்கன்னு படிச்சதும் எனக்கு முதல்ல வந்தது என்ன தெரியுமா, நான் சொன்னது சரியாப்போச்சேங்குற நினைப்பு இல்ல. ரெண்டு வருஷமா நீயும் ஒத்தத் தட்டு வச்சுத்தான் தின்னுருக்க, நானும் ஒத்தத் தட்டு வச்சுத்தான் தின்னுருக்கேன், நடுவுல ரெண்டு பேரும் "வீட்டுல எல்லாரும் நலம்"னு எழுதிக்கிட்டு இருந்திருக்கோம். அதை நினைச்சுத்தான் அழுதேன்.

மஞ்சக் குடைக்காரிய மறுநாளே நிறுத்திட்டேன். "இங்க யாரும் வசிக்கலன்னு சொன்னியாமே, நான் யாரு, ஆவியா?"ன்னேன். பாவம், சின்னப் பொண்ணு, முகம் செத்துப்போச்சு, மேல சன்னல்ல பாத்த கெழவி இந்தக் கதவுக்குள்ளதான்னு அதுக்குத் தெரியலியாம். இப்பல்லாம் கூட்டத்தை நிறுத்தி, "இது எர்சீலியா அம்மா வீடு, அந்த ஓட்டை பாஸ்தா தண்ணிக்கு"ன்னு சொல்லுது. எல்லாரும் கை ஆட்டுறாங்க.

இந்தப் பொட்டலத்துல கனமா இருக்குறதைப் பிரிச்சுப் பாத்திருப்ப. நம்ம வீட்டுச் சாவிதான். பூட்டுல இருக்குமா இருக்காதான்னு நீ இனிமே எட்டிப் பாக்க வேண்டாம். இருக்காது. உன்கிட்டதான் இருக்கு. தபால்தலை எவ்வளவுன்னு கேக்க நேத்து எடுத்துட்டுப் போனேன், தபாலாபீசுல இருக்குற அம்மா எடை போட்டுப் பாத்துட்டு, "இதென்னங்க, பீரங்கியா?"ன்னா. "இல்லம்மா, கதவு"ன்னேன்.

இது ஒண்ணுதான் இருக்கு, மாத்துச் சாவி கிடையாது. பொட்டலம் கட்டுன நாளிலேருந்து என்னால கதவைப் பூட்ட முடியல. உள்பக்கம் நாற்காலிய முட்டுக்குடுத்துட்டுப் படுக்குறேன். நேத்தே ஒரு ஜெர்மன் குடும்பம் உள்ள வந்துடுச்சு, காப்பி போட்டுக் குடுத்தேன். தெல்பீனா, "உனக்கு ஆபரேஷனை வயித்துல பண்ணுனாங்களா, மண்டையிலயா?"ங்குறா. கேக்கட்டும்.

நீ வந்தாத்தான் இந்த வீட்டுக்குப் பூட்டு. அவசரம் இல்லன்னு எழுதத்தான் நினைச்சேன். இனி பொய் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேனே.

காத்திருக்கிற
அத்தை எர்சீலியா

---

டூரின், 29 செப்டம்பர் 1998

அன்புள்ள அத்தைக்கு,

சாவி வந்து சேர்ந்தது. நான்கு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி வளையத்தில் ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதே, அப்பாவின் கட்டைவிரல் படும் இடம், அங்கேயே என் விரலும் போய் நிற்கிறது. பையில் போட்டால் தோள் இழுக்கிறது. இருந்தாலும் வேலைக்கும் எடுத்துப் போனேன், வீட்டில் விட்டுவிட்டுப் போக மனமில்லை.

அக்டோபர் பத்தாம் தேதி, சனிக்கிழமை வருகிறேன். சுற்றுலாப் பேருந்தில் இல்லை. கீழேயிருந்து சந்தைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாலு மணிக்கு வரும் நம் ஊர்ப் பேருந்தில். உணவுக்கூடத்தில் மூன்று வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன என்பதை உங்கள் மேசையில் உட்கார்ந்து யோசிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எந்தத் தேதி என்று நீங்கள் இன்னும் எழுதவில்லை. கவனித்தேன். எந்தத் தேதியானாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

வாசலுக்கு வந்து நிற்காதீர்கள், காற்று ஆகாது. தெல்பீனா அம்மாவையும் நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளேயே இருங்கள். ரெண்டாவது தட்டை மேசையிலிருந்து எடுக்க வேண்டாம். கதவை வெறுமனே சாத்தி, நாற்காலியை மட்டும் தள்ளி வையுங்கள். சாவியை நானே வெளியிலிருந்து பூட்டில் போடுகிறேன், அது இருக்க வேண்டிய இடத்தில்.

மணி அடிக்க மாட்டேன், அத்த.

உங்க மிரெல்லா